தீம் பார்க்கின் பூட்டிய கதவுகள்: ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீம் பார்க் கட்டடங்களில் பார்வையாளர் கண்ணில் படாத அறைகள் ஏராளம். சில கதவுகள் பணம் கட்டினால் திறக்கும். சில, அழைப்பு வந்தால் மட்டுமே. மற்றவை எந்தப் பார்வையாளருக்கும் திறக்காது. எது எந்த வகை என்று தெரியாமல் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

காசு இருந்தால் எங்கும் நுழையலாம் என்ற நினைப்பை முதலில் கைவிட வேண்டும். ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டமில், சிண்டரெல்லா கோட்டைக்குள் தங்கும் அறை ஒன்று இருக்கிறது. டிஸ்னி குடும்பத்துக்கென்று யோசிக்கப்பட்ட இடம் அது. ஆனால் டிஸ்னி நிறுவனத்தைத் தொடங்கிய வால்ட் டிஸ்னி 1966-இல் இறந்துவிட்டார். பூங்கா திறந்ததோ 1971-இல். பல ஆண்டுகள் வேறு வேலைகளுக்குப் பயன்பட்ட பிறகு, பரிசுத் திட்டம் ஒன்றில் வென்றவர்கள் தங்குவதற்காக அது அலங்கரிக்கப்பட்டது. வாடகைப் பட்டியலில் அந்த அறை கிடையாது. முன்பதிவு செய்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1967-இல் தொடங்கிய கிளப் 33 என்ற தனியார் உணவு மன்றம் வேறு ரகம். உறுப்பினருக்கும் அவர் அழைக்கும் விருந்தினருக்கும் மட்டுமே அங்கே அனுமதி. வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை. முன்பின் தெரியாத உறுப்பினரிடம் அழைப்பை விலைக்குக் கேட்பது அதைவிட மோசம். விருந்தினரின் நடத்தைக்கு உறுப்பினரே பொறுப்பு என்பதால், உங்கள் ஒரு மாலைப்பொழுதுக்காக அவர் தன் உறுப்பினர் தகுதியையே இழக்க நேரலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லாமே மூடிக்கிடக்கிறது என்று நினைத்துக் கேட்காமலே திரும்பிவிடுவது. மேஜிக் கிங்டமில் பணியாளர்கள் கண்ணில் படாமல் நடமாடும் ‘யூட்டிலிடோர்’ நடைபாதைகளை ‘கீஸ் டு த கிங்டம்’ என்ற வழிகாட்டிச் சுற்றுலாவில் பார்க்கலாம். பலர் நினைப்பதுபோல அவை தோண்டிய சுரங்கங்கள் அல்ல. நிலத்தடி நீர் மிக மேலே இருந்ததால் அவற்றைத் தரைமட்டத்திலேயே கட்டி, அருகில் ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிலும் நிரப்பி, அதற்கு மேலே பூங்காவை எழுப்பினார்கள். கோட்டைக்கு முன்னால் நிற்கிறவர் உண்மையில் இரண்டாம் தளத்தில் நிற்கிறார்! இந்தச் சுற்றுலாவுக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பூங்கா டிக்கெட் தனி. திரைமறைவுப் பகுதியில் படம் எடுக்கக் கூடாது. குழந்தைகளோடு போய் வாசலில் ஏமாறுவதைவிட விதிகளை முன்பே படிப்பது நல்லது. அவை அவ்வப்போது மாறவும் செய்யும்.

அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்ப்பது, மூடிய பகுதியில் ஒளிந்துகொள்வது ஆகியவற்றைச் சாகசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1973-இல் டிஸ்னிலேண்டின் டாம் சாயர் தீவில், பூங்கா மூடிய பிறகும் சகோதரர் இருவர் ஒளிந்திருந்தார்கள். தம்பியைச் சுமந்து நீந்திக் கரை சேர முயன்ற 18 வயது அண்ணன் மூழ்கி இறந்தான். 2020-இல், ஃபுளோரிடா டிஸ்னி வளாகத்தில் மூடிக்கிடந்த டிஸ்கவரி தீவில் கூடாரமடித்திருந்த ஒருவர் கைதானார். டிஸ்னி வளாகங்களுக்குள் நுழையவும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கீழே விழுந்த பொருளுக்காக வேலி தாண்டுவது. 2008-இல் ஜார்ஜியாவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் இரண்டு வேலிகளைத் தாண்டிய 17 வயது இளைஞர் ஒருவர் ரோலர் கோஸ்டர் மோதி இறந்தார். 2015-இல் ஒஹையோவின் சீடர் பாயின்ட்டில், தொலைந்த பொருளைத் தேடி வேலிக்குள் போனவருக்கும் அதே கதி. இந்த இரண்டு ரோலர் கோஸ்டர்களிலுமே இருக்கைகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும். அண்ணாந்து தண்டவாளத்தைப் பார்த்து இடைவெளி போதும் என்று கணக்குப் போடுகிறவர், பயணிகளின் கால்கள் எவ்வளவு கீழே வரும் என்பதை மறந்துவிடுகிறார்.

செல்போனோ தொப்பியோ விழுந்தால், எந்த இடத்தில் விழுந்தது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு அருகிலுள்ள பணியாளரிடம் சொல்லுங்கள். ஓட்டத்தை நிறுத்திய பிறகோ பூங்கா மூடிய பிறகோ அவர்களே எடுப்பார்கள். அன்றே ஊர் திரும்புவதாக இருந்தால், தொலைந்த பொருள் அலுவலகத்தில் அடையாளமும் முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.