படிப்படியாகத் திரும்பும் வால்யூம் கன்ட்ரோல்: தேர்வும் சோதனையும்

சென்னையின் ரிச்சி தெரு மின்னணுக் கடைகளுக்குப் படிப்படியாகத் திரும்பும் வால்யூம் கன்ட்ரோல் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் ரெசிஸ்டரின் தரத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்; நான் சுவிட்சை முதலில் பார்க்கச் சொல்வேன். கார்பன் பொட்டில், அதாவது படிகளின்றிச் சீராகத் திரும்பும் சாதாரண வால்யூம் கன்ட்ரோலில், ஒலியைக் குறைக்கும்போது இடம், வலம் ஆகிய இரு தடங்களும் ஒத்துப்போகாமல் பாட்டு ஒரு பக்கம் சாய்வதுண்டு. படிப்படியாகத் திரும்பும் ரோட்டரி சுவிட்சில் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தாலே அந்தக் குறை தீர்ந்துவிடும் என்பதால், அதைவிட விலையுயர்ந்த ரெசிஸ்டருக்குச் செலவிடுவதைச் சுவிட்சுக்குச் செலவிடுவதே மேல்.

சுவிட்ச் ‘ஷார்ட்டிங்’ வகையாக இருக்க வேண்டும்; அதாவது, நகரும் தொடுமுனை அடுத்த நிலையைத் தொட்ட பிறகே முந்தையதை விட வேண்டும். இல்லாவிட்டால், ஒவ்வொரு திருப்பலிலும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு ஒரு கணம் அந்தரத்தில் நின்று, ஸ்பீக்கரில் ‘டப்’ என்ற ஓசை எழும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். முள் வைத்த பழைய மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, நடுமுனைக்கும் (ஒலி வெளியேறும் முனை) கிரவுண்டுக்கும் (பொதுவான பூஜ்ய முனை) இணைத்து, குமிழை மிக மெதுவாகத் திருப்புங்கள். இரு நிலைகளுக்கு இடையே முள் இடக்கோடிக்கு ஓடினால் அந்தச் சுவிட்ச் வேண்டாம். டிஜிட்டல் மீட்டர் இந்தச் சிறு துண்டிப்பைத் தவறவிடக்கூடும். சென்னையின் ஈரக்காற்றில் வெள்ளித் தொடுமுனைகள் விரைவில் கறுக்கும் என்பதால் மூடிய உறையுள்ள சுவிட்சே நல்லது.

கன்ட்ரோலின் மொத்த மின்தடை மதிப்பைப் பொறுத்தவரை, இன்றைய டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி), சிடி பிளேயர் போன்றவற்றுக்கு 10 கிலோ ஓம் பொருந்தும். பழைய வால்வு ப்ரீஆம்ப்களுக்கு (முன்பெருக்கிகளுக்கு) 50 அல்லது 100 கிலோ ஓம் தேவைப்படலாம். ஆனால் 6 டெசிபல் குறைப்பில் கன்ட்ரோலின் வெளியீட்டு மின்தடை அதன் மொத்த மதிப்பில் கால் பங்கை எட்டும். 100 கிலோ ஓம் என்றால் அது 25 கிலோ ஓம். அதன்பின் வரும் ஒயரின் மின்தேக்குத்திறன் (கபாசிட்டன்ஸ்) 300 பிகோஃபாரட் இருந்தால், சுமார் 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இழப்பு ஏற்பட்டு மேல்சுருதிகள் மங்கத் தொடங்கும். 10 கிலோ ஓமில் இந்த எல்லை பத்து மடங்கு தள்ளிப்போகிறது.

24 நிலைகளை 2 டெசிபல் வீதம் பிரித்தால் 46 டெசிபல் வரை ஒலியைக் குறைக்கலாம். அடுக்ககத்தில் இரவு நேரத்தில் கேட்பவர்கள், கீழ்ப்படிகள் இன்னும் அகலமாக அமைந்ததைக் கேட்டு வாங்கலாம்.

பொருத்துமுன், எதனுடனும் இணைக்காத நிலையில், உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான மின்தடையை ஒவ்வொரு படியிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ மாறாமல் இருக்க வேண்டும். பிறகு நடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளக்கும்போது, 10 கிலோ ஓம் கன்ட்ரோலின் 20 டெசிபல் படியில் 1 கிலோ ஓம் காட்ட வேண்டும். இடம், வலம் இரண்டின் அளவுகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள்: 1.2 சதவீத வேறுபாடு 0.1 டெசிபல்தான், அது காதுக்கு எட்டாது; 6 சதவீதம் என்றால் அரை டெசிபல், அந்தப் படியின் ரெசிஸ்டரை மாற்றிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் திருப்பும்போது ‘டிக்’ என்று கேட்டால், நடுமுனையில் டிசி மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தாலே ஓசை வரும். அப்போது குறை சுவிட்சில் இல்லை, முன்னாலோ பின்னாலோ உள்ள சுற்றில் டிசியைத் தடுக்கும் கப்ளிங் கபாசிட்டர் கசிகிறது, அல்லது வைக்கப்படவே இல்லை.