மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்கள்: குறைந்த செலவில் உடலைத் தேற்றுவோர் செய்யும் தவறுகள்

விடிந்ததும் பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குபவர்களில் நானும் ஒருவன். நல்ல ஏற்றம், மரநிழல், கடற்காற்று, வழியில் மேயும் மான்கள். நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. இப்படி ஒரு பாதையை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "ஜிம்முக்குக் கட்டப் பணமில்லை, அதனால்தான் உடம்பைக் கவனிக்க முடியவில்லை" என்று திருகோணமலையில் ஒருவர் சொன்னால் எனக்கு மனம் ஆறுவதில்லை. காசு தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் இருக்கிற கொஞ்சக் காசையும் தேவையில்லாத இடத்தில் கொட்டிவிட்டு, செலவழித்தே ஆகவேண்டிய இடத்தில் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். பலருடைய முயற்சி முறிந்துபோவது அங்கேதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி இருக்கிறார். ஓராண்டுப் பணத்தை ஒரேயடியாகக் கட்டினால் கழிவு என்றதும், கடன் வாங்கி ஜிம்மில் கட்டினார். இரண்டாம் மாதத்தோடு போவதை நிறுத்திவிட்டார். புதிதாகத் தொடங்குபவர் ஆண்டுக் கணக்கில் கட்டவே கூடாது. மூன்று மாதம் வீட்டிலும் தெருவிலும் பயிற்சி செய்து, அது பழக்கமாகிவிட்டதா என்று பாருங்கள். பிறகும் ஜிம் வேண்டுமென்றால் மாதத்துக்கு மாதம் கட்டுங்கள். கழிவு போனால் போகட்டும்.

போன காசை ஈடுகட்ட நினைத்த அந்தத் தம்பி, அடுத்து டச்பே கடற்கரையில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கினார். முதல் நாளே கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார். நான்காம் நாள் என் வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வீங்கியிருந்தது. விரலை வைத்தாலே முகம் சுளித்தார். "சப்பாத்து வாங்கக் காசு வேண்டும் அண்ணா, மணலில் ஓடினால் செலவில்லை என்று நினைத்தேன்" என்றார். காய்ந்த மணலில் நடப்பதற்கே கட்டாந்தரையில் நடப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி வேண்டும். கால் புதையப் புதைய, கெண்டைக்காலும் தசைநாணும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. அதோடு கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழுகிறது. முழங்காலும் இடுப்பும் அதற்கு விலை கொடுக்கின்றன. மணலில் தொடங்குவதானால் அலை நனைத்து இறுகிய பகுதியில், பத்து நிமிடம், நடை மட்டும். போன பக்கமே திரும்பி வாருங்கள். சரிவு இரண்டு கால்களுக்கும் சமமாகும். ஓடுவதாக இருந்தால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள். விலையுயர்ந்தது தேவையில்லை, அளவு சரியாகவும் அடிப்பாகம் தேயாமலும் இருந்தால் போதும். சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே வேண்டாம். சூடும் தெரியாது, சிப்பி கிழித்தாலும் தெரியாது.

புரத மா டப்பாவைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இளைஞர்களின் காசு அதிகம் போவது அதில்தான். ஒரு கரண்டி மாவில் 25 கிராம் அளவு புரதம் இருக்கும். 100 கிராம் கச்சானிலும் அவ்வளவு இருக்கிறது; 100 கிராம் காய்ந்த பயற்றிலும் ஏறத்தாழ அதே அளவு. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீன்சதையில் 20 கிராம் வரை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பயிற்சியும் செய்தால் நாளுக்கு 70 கிராம் புரதம் தாராளம். ஒரு துண்டு மீன், இரண்டு முட்டை, காலையில் ஒரு கிண்ணம் அவித்த பயறு, மாலையில் ஒரு பிடி கச்சான்: இவையே 50 கிராமைத் தாண்டிவிடும். மீதியைச் சோறும் பருப்புக்கறியும் தந்துவிடும். கடலோரத்தில் வாழும் நமக்குச் சூடையும் சாளையும் நெத்தலியும் பெரிய மீனைவிட மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை எண்ணெயில் மூழ்க வைத்துப் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் எண்ணெய்ச் செலவும் மிச்சம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, சாப்பாட்டை வெட்டுவது. "காசும் மிச்சம், எடையும் குறையும்" என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பத்து மணிக்கு இரண்டு பணிசும் தேநீரும் எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. குறைக்கவேண்டியது சீனி. மூன்று தேக்கரண்டி சீனியோடு நாளுக்கு ஐந்து கோப்பை தேநீர் குடித்தால் 60 கிராம் சீனி, 240 கலோரி. அதை எரிக்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் வேகமாக நடக்கவேண்டும். பயிற்சிக்குப் பிறகு கலர் போத்தலில் விற்கும் சக்திப் பானமும் வேண்டாம். ஒரு மணிநேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீர் போதும். நன்றாக வியர்த்தால் தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு.

வீட்டில் பயிற்சி செய்பவர்கள் தண்டால் மட்டுமே எடுப்பார்கள். தள்ளும் தசைகள் வளரும், இழுக்கும் தசைகள் அப்படியே கிடக்கும். நாளடைவில் தோள் முன்னால் கூனக்கூடும். கரைவலை இழுப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, உடலைப் பின்னால் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி இழுக்கிறார்கள். முதுகுக்கு வேண்டியது அந்த அசைவுதான். ஒன்றரை லீட்டர் போத்தலில் காய்ந்த மணலை நிரப்பினால் இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது. இரண்டு போத்தல்களைப் பையில் போட்டு, ஒரு கையை வாங்கில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை இடுப்பு வரை இழுங்கள். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் இன்னொரு போத்தலைச் சேர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஒரே எடையை, ஒரே எண்ணிக்கையில் தூக்கினால் உடல் மாறாது. தொங்கிப் பழக நினைப்பவர்கள் முருங்கைக் கிளையை நம்பவேண்டாம். முறிந்தால் முதுகெலும்புக்குத்தான் கேடு.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துவிடுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு வாங்குவதில்லை. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்தி, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கடைசியாக மழை. ஐப்பசியில் வாடைமழை தொடங்கினால் தை வரை நம் பக்கத்தில் நடை நின்றுவிடும். வைகாசியிலிருந்து சேர்த்த தெம்பெல்லாம் அந்த மூன்று மாதத்தில் போய்விடும். அந்த நாட்களில் கடலில் நீந்திச் சமாளிக்கலாம் என்று இறங்கவேண்டாம். அப்போது அலையும் நீரோட்டமும் முரடு. விறாந்தையில் இருபது நிமிடம் தோப்புக்கரணம், தண்டால், போத்தல் பை இழுப்பு. வாரத்தில் மூன்று நாள் போதும். மழை விட்டதும் கோட்டை ஏற்றத்தில் பாதித் தூரம் வரை போய்த் திரும்புங்கள். கோயில் வரை ஏறுவதை இரண்டாம் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.