மார்ச் மாதத்து விண்டர்செட்: வானிலை அறிவிப்பைப் படிக்கப் பழகலாம் வாங்க

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்குக் குடிவந்த முதல் மார்ச். போனில் 61 டிகிரி பாரன்ஹீட் (16 செல்சியஸ்) என்று பார்த்ததும் மெல்லிய சட்டையோடு விண்டர்செட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மாநிலத் தலைநகர் டெ மொயினிலிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரக் கார் பயணம். அந்த ஊரைச் சுற்றியுள்ள மேடிசன் கவுண்டியில் கூரை வேய்ந்த பழைய மரப் பாலங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் 19 இருந்ததாம், மிஞ்சியிருப்பது 6. இரண்டைப் பார்த்து முடிப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது. மூன்றாவது பாலத்துக்குள் ஒண்டிக்கொண்டு பற்கள் தந்தியடிக்க நின்றேன். வெளியே ஐஸ் குருணை கொட்டியது.

போன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு 61 இருந்தது, காலை 10 மணிக்கு. எத்தனை மணிக்கு அந்த 61 என்று நான்தான் பார்க்கவில்லை.

நம் ஊரில் பங்குனி வெயில் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்தான். இங்கே மார்ச், ஏப்ரலில் ஒரே நாளுக்குள் இரண்டு பருவம் வந்து போகும். அதனால் அறிவிப்பைப் படிக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும். நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன். அமெரிக்காவின் நடுமேற்கில் வேறு சிற்றூரில் இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: சரியான இடத்தில் பாருங்கள்

அமெரிக்க அரசின் தேசிய வானிலைச் சேவைக்குச் சொந்தமான தளம் வெதர் டாட் கவ். விளம்பரம் இல்லை, காசு இல்லை. மேலே இடப்பக்கம் உள்ள பெட்டியில் ஊர்ப் பெயரையும் மாநிலத்தையும் தட்டினால் ஏழு நாள் அறிவிப்பு வரும். பக்கத்தில் ஒரு வரைபடமும் இருக்கும். அதில் உங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொடுக்கினால் அந்தச் சின்னச் சதுரத்துக்கான கணிப்பு கிடைக்கும். ஊருக்கு வெளியே பண்ணைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது ரொம்ப உதவி.

விண்டர்செட்டுக்கான கணிப்பை எழுதுகிறவர்கள் டெ மொயினை ஒட்டிய ஜான்ஸ்டன் என்ற ஊரில் இருக்கும் அலுவலகத்துக்காரர்கள். அவர்களைப் பற்றி 6-வது படியில் வருகிறேன்.

படி 2: பாரன்ஹீட்டோடு சமாதானம்

30-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். 50 என்றால் 10 செல்சியஸ், 70 என்றால் 20. துல்லியம் இல்லை, ஆனால் சட்டை மாட்ட இது போதும். ஒரே ஒரு எண்ணை மட்டும் கணக்குப் போடாமல் மனப்பாடம் செய்யுங்கள்: 32. தண்ணீர் உறையும் புள்ளி அது. மார்ச்சில் பாதிக் கதை 32-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் இருக்கிறது.

படி 3: படத்தை விட்டு எழுத்தைப் படியுங்கள்

பக்கத்தின் மேலே சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். சூரியன், மேகம், மழைத்துளி. அதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே ஒவ்வொரு பகலுக்கும் இரவுக்கும் இரண்டு மூன்று வரியில் எழுத்தாக விவரம் இருக்கும். "பிற்பகல் 5 மணிக்குள் வெப்பநிலை 34-க்கு இறங்கும்" என்று ஒரு வரி அதில் ஒளிந்திருந்தால் என் பாலத்துக் கதைதான் உங்களுக்கும்.

கூடவே மணிவாரியான வரைபடம் ஒன்று உண்டு. ஏழு நாள் பட்டியலுக்குக் கீழே தேடினால் கிடைக்கும். வெப்பநிலைக் கோடு மதியம் மேடேறி மாலையில் இறங்கினால் சாதாரண நாள். விடிகாலையிலோ முற்பகலிலோ உச்சம் தொட்டுவிட்டு அப்புறம் சரிந்துகொண்டே போனால், குளிர்முகப்பு ஒன்று ஊரைக் கடக்கிறது என்று அர்த்தம். வடக்கிலிருந்து வரும் கனமான குளிர்காற்று, வெப்பக் காற்றின் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து அதை மேலே தூக்கிவிடும்.

படி 4: காற்று எங்கிருந்து?

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் வெப்பநிலைக்கு முன்னாலேயே காற்று வரியைத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அறிவிப்பில் தெற்குக் காற்று என்றால் தெற்கிலிருந்து வருவது, தெற்கே போவது அல்ல. நாம் தென்றல், வாடை என்று சொல்வதும் அதே கணக்குதானே. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை.

ஐயோவாவுக்கும் கனடாவின் குளிர்ச் சமவெளிக்கும் நடுவே தடுக்க ஒரு மலை கிடையாது. தெற்கே மெக்சிகோ வளைகுடா வரைக்கும் அப்படித்தான். ஆக, தெற்குக் காற்று வளைகுடாவின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்றிக்கொண்டு வரும். வடமேற்குக் காற்று கனடாவின் குளிரைக் கொண்டுவந்து கொட்டும். காற்று காலையில் தெற்கு, மாலையில் வடமேற்கு என்று எழுதியிருந்தால் நடுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

வேகத்தையும் பாருங்கள். மைல் கணக்கில் இருக்கும். 35 டிகிரியில் மணிக்கு 25 மைல் காற்று அடித்தால் உடம்புக்கு அது 23 மாதிரி உறைக்கும், அதாவது கழித்தல் 5 செல்சியஸ். விண்ட் சில் என்று தனியாகப் போட்டிருப்பது இந்தக் கணக்கைத்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை வெளியே அழைத்துப் போகும்போது தெர்மாமீட்டரை மறந்துவிட்டு இந்த எண்ணை வைத்து ஸ்வெட்டர் எடுங்கள்.

மணிவாரி வரைபடத்தில் டியூ பாயின்ட் என்று இன்னொரு கோடும் வரும். காற்றில் உள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. மார்ச்சில் பெரும்பாலும் 20, 30 என்று கிடக்கும். அது 55, 60 என்று எகிறினால் வளைகுடா ஈரம் வாசலுக்கு வந்துவிட்டது. இடிமழைக்கு அதுதான் தீனி.

படி 5: 40 சதவீதம் என்றால் என்ன?

ஊரில் 40 சதவீத இடத்தில் மழை என்பது இல்லை. பகலில் 40 சதவீத நேரம் பெய்யும் என்பதும் இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில், அந்த 12 மணி நேரத்துக்குள், அளக்கக்கூடிய அளவு (0.01 அங்குலம், கால் மில்லிமீட்டர்) மழையோ பனியோ விழ 40 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். எவ்வளவு பெய்யும் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. 90 சதவீதம் போட்டு நாள் முழுக்க வெறும் தூறலாகப் போகலாம். 30 சதவீதம் போட்ட நாளில் அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கலாம்.

சொற்களுக்கும் கணக்கு உண்டு. 'ஸ்லைட் சான்ஸ்' என்றால் 20. 'சான்ஸ்' என்றால் 30 முதல் 50. 'லைக்லி' என்றால் 60, 70. எந்த அடைமொழியும் இல்லாமல் 'ரெயின்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் 80 அல்லது அதற்கு மேல்.

மழையா பனியா என்பது தரையில் 32 இருக்கிறதா என்பதை மட்டும் பொறுத்ததல்ல. மேலே வெப்பக் காற்று ஒரு அடுக்காக நிற்கும்போது பனி அதில் உருகி விழும். கீழே உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து ஐஸ் குருணையாகத் தரைக்கு வரும். அடுக்கு மெல்லியதாக இருந்தால் தண்ணீராகவே வந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். இந்த உறைமழைதான் மூன்றிலும் மோசம். கருப்பாக ஈரச் சாலை மாதிரி தெரியும், காரை வழுக்கிவிடும். அறிவிப்பில் 'ஃப்ரீசிங் ரெயின்' என்று கண்ணில் பட்டால் பயணத்தைத் தள்ளிப்போட வெட்கப்படாதீர்கள்.

படி 6: கணிப்பாளர் மனசில் என்ன?

பெரும்பாலானோருக்குத் தெரியாத பக்கம் இது. அதே தளத்தில் 'ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' என்று ஒரு சுட்டி இருக்கும். ஜான்ஸ்டனில் பணியில் இருப்பவர் விடிகாலையிலும் பிற்பகலிலும் தன் கைப்பட எழுதும் குறிப்பு. எந்தக் கணினிக் கணிப்பு என்ன சொல்கிறது, எதில் ஒத்துப்போகின்றன, எதில் முரண்படுகின்றன, தனக்கு எதில் சந்தேகம் என்று வெளிப்படையாக எழுதியிருப்பார். ஏழு நாள் பட்டியலில் புதன்கிழமைக்கு 48 என்று ஒற்றை எண்தான் இருக்கும். இங்கே வந்து பார்த்தால், அது 38-ஆகவும் போகலாம் 58-ஆகவும் போகலாம் என்ற இழுபறி தெரியும்.

கலைச்சொற்கள் முதலில் மிரட்டும். '12 இசட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், கிரீன்விச் நேரம் பகல் 12 மணி என்று அர்த்தம். விண்டர்செட்டில் அது காலை 6 மணி. மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு காலை 7. ஒரு வாரம் தொடர்ந்து படித்தால் பாதி புரிந்துவிடும், மீதி தேவையில்லை.

படி 7: வாட்ச் வேறு, வார்னிங் வேறு

அபாய அறிவிப்பு இந்த இரண்டு பெயரில் வரும். வாட்ச் என்றால் சமையலுக்கு எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. வார்னிங் என்றால் அடுப்பில் கொதிக்கிறது. டொர்னாடோ (தரையைத் தொட்டுச் சுழலும் காற்று) வாட்ச் பல கவுண்டிகளுக்குப் பல மணி நேரத்துக்கு வரும். அதைத் தருவது ஓக்லஹோமாவில் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம். வார்னிங்கைத் தருவது உள்ளூர் அலுவலகம், ரேடாரில் சுழற்சியைப் பார்த்தோ ஆள் நேரில் பார்த்துச் சொன்னதை வைத்தோ. வார்னிங் வந்தால் ஜன்னலில் எட்டிப் பார்க்காமல் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள்.

மார்ச்சிலேயே டொர்னாடோவா என்று கேட்காதீர்கள். 2022 மார்ச் 5, சனிக்கிழமை பிற்பகல், விண்டர்செட்டுக்குத் தென்மேற்கே வீடுகளைத் தரைமட்டமாக்கிய டொர்னாடோ இஎஃப்-4 வகை, 5 வரை போகும் அளவுகோலில் 4. மேடிசன் கவுண்டியில் மட்டும் 6 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 70 மைல் தூரம் தரையைத் தொட்டபடியே போனது. நாட்காட்டியில் அப்போது இளவேனில் கூடப் பிறக்கவில்லை.

புயல் கணிப்பு மையத்தின் பக்கத்தில் அன்றைய அபாயம் ஐந்து படிகளாக இருக்கும்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. ஸ்லைட் என்ற பெயரைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். அது இரண்டாவது படி, அன்றைக்கு போன் சத்தத்தைக் குறைக்காதீர்கள்.

பயிற்சி

கீழே இருப்பது பழகுவதற்காக நானே எழுதிய மாதிரி:

"வெள்ளி: பிற்பகல் 1 மணிக்குப் பின் இடிமழை, சான்ஸ். உச்சம் 64 அருகே, பின்னர் 5 மணிக்குள் 41-க்கு இறங்கும். தெற்குக் காற்று 15 முதல் 20 மைல், பிற்பகலில் வடமேற்காக மாறும். மழை வாய்ப்பு 50 சதவீதம். வெள்ளி இரவு: மழை, 9 மணிக்குப் பின் பனியாக மாறும். தாழ்வு 27."

இதில் 64 என்பது மதியத்தோடு சரி. பள்ளி விடும் நேரத்தில் காற்று திரும்பியிருக்கும், ஆகவே குழந்தையின் பையில் காலையிலேயே ஜாக்கெட். இரவு வரியில் மழைக்கு முன்னால் அடைமொழி இல்லை, அதனால் 80 அல்லது அதற்கு மேல், கட்டாயம் நனையும். நனைந்த சாலை இரவில் 27-க்குப் போகிறது, சனிக்கிழமை விடியலில் பாலங்கள்தான் முதலில் வழுக்கும். காலை 7 மணிக்கு டெ மொயின் விமான நிலையத்துக்கு யாரையாவது அழைத்து வரப் போகிறீர்கள் என்றால் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். ஐஸ் சுரண்டியை டிக்கியில் போடாமல் முன் சீட்டில் வையுங்கள், டிக்கியும் உறைந்து திறக்காமல் போகும்.

அந்த ஊருக்கு விண்டர்செட் என்று பெயர் வந்ததற்கு உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். சம்மர்செட் என்று வைக்கலாமா என்று பேச்சு நடந்ததாம். அன்றைக்குக் கோடைக்காலத்திலும் குளிர் வாட்டியதால் யாரோ ஒருவர் எரிச்சலில் விண்டர்செட் என்று வையுங்கள் என்றாராம். மூன்றாவது பாலத்துக்குள் நின்றபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு ஸ்வெட்டராவது எடுத்துப் போயிருப்பேன்.