இளவேனில் குளிரில் தோட்டத்துப் பறவைகளுக்கு உணவு வைக்கும் முறை

குளிர்காலம் முடிந்துவிட்டது என்று தீனித்தட்டை எடுத்து உள்ளே வைத்த மறுவாரமே மீண்டும் உறைபனி இறங்குவது குளிர்நாடுகளில் புதிதல்ல. பறவைகளுக்கு அந்தச் சில நாட்கள் நடுக்குளிர்காலத்தைவிடக் கடினமாக அமையக்கூடும். சென்ற இலையுதிர்காலத்தில் விளைந்த விதைகளும் கனிகளும் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். புதியவை விளைய இன்னும் மாதங்கள் ஆகும். வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பறக்கும் பூச்சிகளும் வெகுவாகக் குறைந்துவிடும். நெடுந்தூரம் வலசை வந்து உடற்கொழுப்பைக் கரைத்துவிட்ட பறவைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

படி 1: அலகைப் பாருங்கள்

எந்த உணவை வைப்பது என்பதை வரும் பறவையின் அலகே சொல்லிவிடும். சிட்டுக்குருவி, ஃபிஞ்ச் போன்றவற்றின் தடித்த அலகு விதையை உடைக்கும். மெல்லிய அலகு கொண்ட ராபின் போன்றவை புழு, பூச்சி, பழம் ஆகியவற்றையே நம்பியிருப்பதால், தட்டு நிறைய விதை இருந்தாலும் பட்டினிதான் கிடக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பறந்தபடியே பூச்சி பிடிக்கும் தகைவிலான்கள் தட்டுக்கு வருவது அரிது. அவற்றுக்கு நம்மால் நேரடியாகச் செய்யக்கூடியது குறைவே.

படி 2: உணவைத் தயார் செய்யுங்கள்

விதையுண்ணிகளுக்குக் கறுப்புச் சூரியகாந்தி விதை போதுமானது. அதன் தோல் மெல்லியது, கொழுப்புச் சத்தும் மிகுதி. பூச்சியுண்ணிகளுக்கு உலர்ந்த மீல்வார்ம் புழுக்களை (ஒருவகை வண்டின் இளம்புழுக்கள்) வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். ஊறிய புழு மென்மையாவதுடன் பறவைக்கு நீரையும் தருகிறது. நறுக்கிய ஆப்பிள், ஊறவைத்த உலர்திராட்சை ஆகியவையும் நல்லவை. ஆனால் உலர்திராட்சை நாய்களுக்கு நஞ்சு என்பதால், வீட்டில் நாய் இருந்தால் அதை எட்டாத உயரத்தில் வையுங்கள், அல்லது தவிர்த்துவிடுங்கள். உப்பில்லாத மாட்டுக்கொழுப்புக் கட்டி விதையுண்ணி, பூச்சியுண்ணி என இரு வகைப் பறவைகளுக்கும் உதவும்.

உப்பிட்ட தின்பண்டம், பால், பூசணம் பிடித்த ரொட்டி ஆகியவை வேண்டாம். முழு வேர்க்கடலையையும் இப்பருவத்தில் அப்படியே வைக்காதீர்கள். தாய்ப்பறவை அதைக் கொண்டுபோய் ஊட்டினால் குஞ்சின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தால் பறவை கொத்திக் கொத்திச் சிறு துண்டுகளாகவே எடுக்க முடியும்.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பல பறவைகள் தரையில் மேய்பவை. எனவே பனி மூடியிருந்தால், ஒரு சிறு பரப்பைச் சுரண்டி மண்ணும் சருகும் தெரியும்படி செய்து, அங்கே பழத்தையும் புழுவையும் தூவுங்கள். சென்ற ஆண்டுச் சருகைக் கூட்டி அள்ளாமல் விட்டிருந்தால், அதன் அடியில் பதுங்கியிருக்கும் பூச்சிகளையும் அவை கிளறி எடுத்துக்கொள்ளும். தோட்டத்தைத் துப்புரவாக வைத்திருப்போருக்கு இது பிடிக்காது என்றாலும், பறவைகளுக்கு இதைவிட நல்ல தட்டு இல்லை.

பருந்தைக் கண்டு ஒளிய அருகில் புதர் வேண்டும்; ஆனால் பூனை பதுங்கிப் பாயும் அளவுக்கு நெருக்கம் கூடாது. இரண்டு, மூன்று மீட்டர் இடைவெளி போதுமானது. தொங்கும் தட்டைச் சன்னலிலிருந்து 1 மீட்டருக்குள்ளோ 10 மீட்டருக்கு அப்பாலோ மாட்டினால், கண்ணாடியில் மோதும் ஆபத்து குறையும்.

படி 4: விடியலிலும் அந்தியிலும் வையுங்கள்

குளிர்ந்த ஓர் இரவைக் கடப்பதற்குள் சிறு பறவை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும். அதனால் விடிந்தவுடன் கிடைக்கும் உணவுக்கும், இருட்டுவதற்கு முன் கிடைக்கும் உணவுக்கும் மதிப்பு அதிகம். ஒரே முறை குவித்து வைப்பதைவிட, அன்றைக்குத் தின்று தீரும் அளவில் இருமுறை வைப்பதே என் பரிந்துரை. ஈரத்தில் விதை பூசணம் பிடிப்பதும் இதனால் குறையும்.

படி 5: நீரும் தூய்மையும்

5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டில் நீர் வைத்து, உறைந்தால் மாற்றுங்கள். தட்டுகளை இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவி, அலசி, நன்கு உலர்த்திய பிறகே நிரப்புங்கள். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால், நோய் பரவாதிருக்கத் தட்டுகளை எடுத்துக் கழுவி, சில வாரங்கள் உணவு வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

வெயில் ஏறி, பூச்சிகள் மீண்டும் பறக்கத் தொடங்கியதும் கொழுப்புக் கட்டியை முதலில் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அது உருகிச் சிறகில் ஒட்டும். கரடி நடமாட்டம் உள்ள பகுதியானால், அவை உறக்கம் கலைந்து வெளிவரும் பருவம் இதுவே என்பதால், தொங்கும் தட்டுகளையே மாட்டாமல் விடுவது நல்லது.