டிரெஸ்டன் ஃபைல்ஸ் வாசிக்கத் தொடங்கக்குள்ள விடக்கூடாத பிழைகள்

மந்திரவாதி துப்பறியிற கதை எண்டு சொன்ன உடனே எங்கட ஆக்கள் சின்னப்பிள்ளையள்ற புத்தகம் எண்டு தள்ளி வைக்கிறாங்க, முதல் பிழை அதுதான். மட்டக்களப்பார் மந்திரம் செஞ்சு ஆளப் பாயோட ஒட்டிப்போடுவாங்க எண்டு வெளியூர்ச் சனம் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு ஜிம் பட்சர் எழுதின இந்த சீரிஸ் நல்லாவே ஒட்டும். கதை நடக்கிறது சிக்காகோவில, ஹாரி டிரெஸ்டன் எண்டொரு ஆள், டெலிபோன் டிரெக்டரியில மந்திரவாதி எண்டே பேர் போட்டு வைச்சிக்கிட்டு காசுக்குத் துப்பறியிறான், பொலிசுக்கும் உதவி செய்யிறான்.

அடுத்தது, கையில கிடைச்சதில இருந்து தொடங்கிறது. கல்லடியில இருக்கிற என்ட மச்சான் வீட்டுக்கு வந்தவன் ராக்கையில இருந்து 12வது புத்தகத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டான், நானும் பேசாம விட்டுட்டன். மூணு நாள் கழிச்சு வந்து "என்ன மச்சான் இது, ஆரு ஆருக்குச் சொந்தம், ஆரு ஏன் அழுகிறா எண்டே விளங்குதில்ல" எண்டான். அந்தப் புத்தகம்தான் சேஞ்சஸ். மத்த நாவலுகள்ற பேரெல்லாம் ரெண்டு சொல்லு, ரெண்டுலயும் இங்கிலீஷ் எழுத்து ஒரே எண்ணிக்கை, இது மட்டும் ஒத்தைச் சொல்லு, ஏனெண்டா அதுக்கு முதல் இருந்த எல்லாம் அதுல புரண்டு போகுது. பதினொரு புத்தகம் கட்டி எழுப்பினத ஒரே இரவில அவனுக்குக் கெடுத்து வைச்சிட்டன் எண்டு எனக்கு இண்டைக்கும் மனசு கேக்குதில்ல.

அப்ப முதலாவதில இருந்து தொடங்குங்க, ஆனா முதல் ரெண்டோட நிப்பாட்டிப் போடாதீங்க. ஸ்டோர்ம் ஃப்ரண்ட் 2000ல வந்தது, எழுத்து வகுப்பில படிக்கக்குள்ள எழுதத் தொடங்கின நாவல், அந்தக் கை பழகாத தன்மை தெரியும். 2001ல வந்த ஃபூல் மூனும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதே வருசம் வந்த மூணாவது, கிரேவ் பெரில், அதுல இருந்துதான் பெரிய கதை எழும்புது, அதுவரைக்கும் பொறுங்க.

மந்திரம் எப்படி வேலை செய்யிது எண்டு விளக்கிற பக்கங்களத் தாண்டிப் போறதும் பெரிய பிழை, பின்னுக்கு முடிச்செல்லாம் அவுழுறதே அதாலதான். இங்கிலீஷில ஃபேரி எண்டு சொல்லுற தேவதைச் சாதிக்கு இரும்பு ஆகாது எண்டு வாசிக்கக்குள்ள எனக்கு அம்மம்மா ஞாபகம் வந்திட்டா. இரவில இறைச்சிக்கறி குடுத்து விடுறதெண்டா வாழையிலைய மடிச்சுக் கட்டி, அதுக்கு மேல ஒரு கரித்துண்டும் துருப்பிடிச்ச ஆணியும் வைச்சுத்தான் தருவா, அந்த ஆணியத் திருப்பிக் கொண்டு போய்க் குடுக்கவும் வேணும். மறுகா கதையில வாற வீட்டு வாசல். அழைக்காம உள்ள வாற எதுவும் தன்ட பலத்தில கனக்க வாசல்லயே விட்டுட்டுத்தான் வரும், குடும்பமா சனம் வாழுற வீட்டுக்குத்தான் அந்தக் காவல் கூட, ஹாரி மாதிரித் தனியா இருக்கிறவன்ட அறைக்குக் குறைவு. நம்மட வீட்டு நிலையில தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துத் தொங்கவிடுறத நான் அதுக்குப் பிறகு வேற கண்ணால பாக்கிறன். முதல் புத்தகத்திலயே பாணும் பாலும் தேனும் வட்டத்துக்குள்ள வைச்சு ஒரு குட்டித் தேவதையப் பிடிக்கிறான், மடை வைக்கிறதப் பாத்த ஆக்களுக்கு அந்த இடம் அப்படியே கண்ணுக்குள்ள நிக்கும். மந்திரவாதி கிட்ட நிண்டா கரண்ட் சாமான் பழுதாகிடும், அதால பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், வீட்டில மெழுகுதிரி.

2007ல வந்த டிவி சீரிஸப் பாத்திட்டு இவ்வளவுதானா எண்டு முடிவெடுக்காதீங்க, 12 எபிசோட்டோட நிண்டு போனது, புத்தகத்தில மண்டையோட்டுக்குள்ள குடியிருக்கிற பொப் எண்ட ஆவி அதுல மனிச உருவத்தில வாறான்.

சைட் ஜொப்ஸ் சிறுகதைத் தொகுப்ப 12வதுக்கு முதல் திறக்க வேணாம், கடைசிக் கதை சேஞ்சஸ் முடிஞ்ச கையோட நடக்குது. 2020ல வந்த பீஸ் டோக்ஸ், பெட்டில் கிரவுண்ட் ரெண்டும் ஒரே கதைய வெட்டினது மாதிரித்தான், ரெண்டையும் பக்கத்தில வைச்சிக்கிட்டுத் தொடங்குங்க.

மச்சான் இப்ப முதல்ல இருந்து வாசிச்சு நாலாவதில நிக்கான், அஞ்சாவதுக்கு சனிக்கிழமை வாறன் எண்டிருக்கான்.