காதுக்குப் பிடிபடாத ஆங்கிலம்: ஒரு நிமிட ஒலியை வைத்து டிக்டேஷன் பழகும் முறை

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்களில் பலருக்கு இரண்டாம் ஆண்டுக்குள் ஆங்கிலப் பாடநூல் பழகிவிடுகிறது. ஈமெயில் எழுதினால் பெரிய பிழை இருக்காது. ஆனால் என்பிடெல் என்னும் இணையப் பாடத் தளத்தின் வீடியோவில் சப்டைட்டிலை அணைத்தால் பாதி புரியாது. கேம்பஸ் நேர்முகத்தில் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டிவரும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் இந்தப் படிக்குப் பி1 என்று பெயர். இங்கே தேங்கிப்போனவர்கள் வழக்கமாகச் செய்வது இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்குவது. அது வேண்டாம். இலக்கணமும் சொல்லும் ஓரளவு இருக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

ஏன் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. புத்தகம் வைத்துத் தமிழ் கற்ற வெளிநாட்டவருக்கு 'வந்துவிட்டேன்' தெரியும். நாம் பேசுவதோ 'வந்துட்டேன்'. 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதற்காக அவர் காத்திருக்கும்போது 'என்ன பண்ணிட்டிருக்க' என்று கேட்டால் திகைத்துத்தான் போவார். ஆங்கிலத்தில் நமக்கும் இதே நிலைமைதான். மருந்து, டிக்டேஷன். பள்ளியில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் படித்ததைப் போன்றது அல்ல. இயல்பான வேகத்தில் பேசியதை நீங்களே வெட்டி வெட்டிக் கேட்டு எழுதுவது.

வேண்டியவை

போன், கோடு போட்ட நோட்டு, நீலப் பேனா, சிவப்புப் பேனா, ஒயர் உள்ள இயர்போன். மலிவான ப்ளூடூத் கருவிகள் சிலவற்றில், நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடும்போது முதல் அசை கேட்காமல் போகும். இந்தப் பயிற்சியில் நூறு தடவை நிறுத்துவோம் என்பதால் ஒயரே நல்லது.

ஒலியை ஓட்ட விஎல்சி செயலி போதும். கணினியில் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸை இயக்கினால் ஏ-பி லூப் பொத்தான் வரும். தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். போன் விஎல்சியிலும் இது உண்டு. யூடியூபில் பத்து விநாடி பின்னே தள்ளித் தள்ளிக் கேட்பது வீண் வேலை. நான்கு விநாடித் துண்டு கேட்க பத்து விநாடி பின்னே போவானேன்? ஒலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விடுதி வைஃபையையும் நம்ப வேண்டியதில்லை.

படி 1: ஒலியைத் தேர்வது

நீளம் அறுபது விநாடி. இயல்பான பேச்சில் அது ஏறத்தாழ 150 சொல். அதற்கு மேல் எடுத்தால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். கூடவே மனிதர் சரிபார்த்த எழுத்து வடிவம் இருக்க வேண்டும். யூடியூப் தானாகத் தயாரிக்கும் வசனத்தை விடைத்தாளாக வைக்காதீர்கள். அது தவறாகக் கேட்ட இடத்தில், சரியாகக் கேட்ட உங்கள் காதைச் சந்தேகப்படுவீர்கள்.

முதல் மூன்று வாரம் என்பிடெல். 2003 முதல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்திவரும் இந்தத் தளத்தில் பெரும்பாலான பாடங்களுக்கு எழுத்து வடிவம் கிடைக்கிறது. நீங்கள் ஏற்கெனவே தேறிவிட்ட பாடத்தை எடுங்கள். பொருள் தெரியும், பேசுபவரின் உச்சரிப்பும் நமக்குப் பக்கத்தில்தான். சிறு சொற்களை அவ்வளவாக விழுங்க மாட்டார்கள். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகளுக்கான ஒலி ஒரே ஒரு தடவைதான் ஓடும். அதில் வரும் குரல்கள் பல நாட்டவை.

நான்காம் வாரம் முதல் பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் என்ற ஒலி நிகழ்ச்சி. அதன் எழுத்து வடிவத்தின் தலைப்பிலேயே 'சொல்லுக்குச் சொல் அப்படியே அல்ல' என்ற குறிப்பு இருக்கும். நீங்கள் ஐந்து தடவை கேட்டும் ஒரு சொல் தெளிவாகக் கேட்கிறது, தாளில் இல்லை என்றால் காதை நம்புங்கள். அது பழகிய பிறகு டெட் உரைகள்.

கடினம் சரியா என்று பார்க்க, எடுக்கப்போகும் நிமிடத்தின் எழுத்தைப் படித்துவிடாதீர்கள், பயிற்சி கெட்டுவிடும். அதற்கு அடுத்த நிமிடத்தைப் படியுங்கள். 150 சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியாதவை இருந்தால் வேறு ஒலி தேடுங்கள்.

படி 2: எழுதாமல் ஒரு தடவை

முழு நிமிடத்தையும் கேளுங்கள். எதைப் பற்றிப் பேசினார் என்று தமிழில் ஒரே வரி. அவ்வளவுதான்.

படி 3: துண்டு துண்டாக எழுதுவது

நான்கு முதல் ஆறு விநாடித் துண்டாக ஓடவிட்டு, நிறுத்தி, எழுதுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் திருத்த இடம் இருக்கும். ஒரு துண்டுக்கு ஐந்து தடவைதான். அதற்கு மேல் கேட்டால் காது புதிதாக எதையும் பிடிப்பதில்லை.

பிடிபடாத இடத்தை வெற்றாக விடக் கூடாது. காதில் விழுந்த ஓசையை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். 'ஷுடவ்', 'பிகிடப்', 'டிஜு' என்று எப்படி விழுந்ததோ அப்படி. பலர் தவிர்க்கும் இடம் இதுதான், அசிங்கமாக இருக்கிறதாம். கோடு போட்டு விட்டால் 'கேட்கவில்லை' என்பது மட்டும்தான் மிஞ்சும். ஓசையை எழுதி வைத்தால் காது எதைக் கேட்டது என்பதற்குச் சாட்சி இருக்கும், அடுத்த படி முழுக்க அந்தச் சாட்சியை நம்பியே நடக்கிறது.

ஐந்து தடவை முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு, எழுதியதை இலக்கணம் கொண்டு நிரப்புங்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். 'வாக்ட் டு' என்று வருமிடத்தில் இறந்தகால 'ட்'டும் அடுத்த சொல்லின் 'ட'வும் ஒன்றாகிவிடும். ஆங்கிலேயர் காதிலும் அது தனியாக விழாது. சூழலைக் கொண்டுதான் அவரும் இறந்தகாலம் என்று அறிகிறார்.

படி 4: சிவப்புப் பேனா

முறை முழுவதும் இந்தப் படியில்தான் நிற்கிறது. நாளுக்கு ஒதுக்கும் முப்பது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடமாவது இங்கே செலவாக வேண்டும். வெறுமனே சரியான சொல்லை மேலே எழுதிவிட்டுப் போனால் ஆறு மாதம் ஆனாலும் காது மாறாது. ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எழுத்து இடுங்கள்: சொல்லே தெரியாது என்றால் 'தெ', எழுத்தில் பார்த்தால் தெரியும், காதில் விழவில்லை என்றால் 'கா', சொல்லின் வால் தவறினால், அதாவது ஸ், எட் போன்ற விகுதி போனால் 'வா'.

'கா' தான் அதிகம் வரும். ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ஹீ ஷுட் ஹேவ் டோல்ட் அஸ் அபவுட் இட் அட் த பிகினிங் ஆஃப் த இயர். ஆண்டுத் தொடக்கத்திலேயே அவன் நமக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பொருள். மொத்தம் 13 சொல். பேச்சில் இது 'ஹிஷுடவ் டோல்டஸ் அபவுடிடட்த பிகினிங்கவ்த இயர்' என்று வரும். எடுப்பாக ஒலிப்பவை டோல்ட், பிகினிங், இயர் மூன்றும்தான். மற்றவை அவற்றுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும். தமிழில் அசைகளுக்கு ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பழகிய நாம் 13 சொல்லுக்கும் தனித்தனியாகக் காத்திருப்போம்.

எனவே 'கா' குறி விழுந்த இடங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாகத் தொகுங்கள்: இடப்பக்கம் எழுத்தில் உள்ளது, வலப்பக்கம் நீங்கள் தமிழில் எழுதிய ஓசை. ஹேவ் – அவ், ஹிம் – இம், அண்ட் – ன், வான்ட் டு – வானா, டிட் யூ – டிஜு, பிக் இட் அப் – பிகிடப். இரண்டு வாரத்தில் ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். இவை சோம்பல் உச்சரிப்பு அல்ல, ஒழுங்கான புணர்ச்சி. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மகரம் திரிந்து மரங்கள் ஆவதைப் போலவே 'இன் கேஸ்' பேச்சில் 'இங் கேஸ்' ஆகிறது, 'டென் பாய்ஸ்' 'டெம் பாய்ஸ்' ஆகிறது. நன்னூல் படித்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

கேன், கேன்ட் இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். இங்கே தவறினால் பொருளே தலைகீழ். கடைசி 'ட்'டைத் தேடாதீர்கள், அமெரிக்கப் பேச்சில் அது பெரும்பாலும் வெடித்து வராது. எடையைத் தேடுங்கள். 'ஐ க்ன் டூ இட்' என்று நடுச்சொல் நசுங்கி, டூ எடுப்பாக வந்தால் முடியும். 'கேன்' நிறுத்தித் தெளிவாக ஒலித்தால் முடியாது.

இன்னொன்று நம் எழுத்தாலேயே வருவது. எழுது என்னும் ரைட், சவாரி செய் என்னும் ரைட். மேலங்கியான கோட், கணினிக்கு எழுதும் கோட். தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாது. நம் மொழியில் வல்லின எழுத்தின் ஒலி இடத்தைப் பொறுத்து மாறும், பொருளை மாற்றாது. ஆகவே காது அதைப் பிரித்துப் பழகவில்லை. இங்கே கடைசி மெய்யை விட்டுவிட்டு அதற்கு முந்திய உயிரின் நீளத்தைக் கேளுங்கள். எழுதுவதில் 'ஐ' சட்டென்று வெட்டுப்படும், சவாரியில் இழுபடும். கோட் இரண்டுக்கும் இதே கணக்குதான்.

'வா' குறிக்கு ஒரு குறிப்பு. நம்மில் பலர் 'வாக்கெட்', 'ஆஸ்கெட்' என்று ஓர் அசை கூட்டிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கூடுதல் அசை வருவது வான்ட், நீட் போல 'ட்' ஒலியில் முடியும் வினைகளுக்கு (வான்டட், நீடட்) மட்டும். மற்றவற்றில் அது வெறும் மெய். நாம் எதிர்பார்க்கும் அசை வராததால் இறந்தகாலமே இல்லை என்று எழுதிவிடுகிறோம். வாயைத் திருத்தினால் காதும் திருந்தும்.

'தெ' குறி விழுந்த சொற்களில் நாளுக்கு மூன்று மட்டும் எடுங்கள். எந்த மூன்று? ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் இணையத்தில் கிடைக்கும். 570 சொற்குடும்பங்கள், கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவைதான். அதில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். குடும்பமாகவே கேட்டு வையுங்கள், ஏனென்றால் அழுத்தம் இடம் மாறும்: இகானமியில் இரண்டாம் அசை, ஈக்கனாமிக்கில் மூன்றாம் அசை. ஒன்று தெரிந்தவருக்கு மற்றது காதில் புதுச்சொல்லாகவே விழும்.

நினைவு அட்டைக்கு ஆங்கி என்ற செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம். முன்பக்கம் எழுத்து வைக்காதீர்கள். அந்த வாக்கியத்தின் ஒலியை வையுங்கள், பின்பக்கம் எழுத்தும் தமிழ்ப் பொருளும். ஆர்வத்தில் நாளுக்கு இருபது அட்டை சேர்த்தால் ஒரு மாதத்தில் மறுபார்வையே ஒரு மணி நேரம் பிடிக்கும், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டீர்கள்.

படி 5: கூடவே பேசுவது

எழுத்தைப் பார்த்தபடி ஒலியோடு சேர்ந்து ஐந்து தடவை பேசுங்கள், பிறகு பார்க்காமல் இரண்டு தடவை. போனில் பதிவுசெய்து நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். ஒலியில் பேசுபவர் ஆறு விநாடியில் சொன்னது உங்களுக்கு ஒன்பது விநாடி ஆனால், எல்லாச் சொல்லுக்கும் எடை கொடுக்கிறீர்கள். வேகமாகப் பேசி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். சிறு சொற்களை நசுக்குங்கள், நேரம் தானே குறையும்.

கணக்கு

திங்கள் முதல் வெள்ளி வரை நாளொரு நிமிடம். சனிக்கிழமை, திங்களன்று எடுத்த ஒலியையே எதையும் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். ஞாயிறு ஓய்வு. நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். ஒரு வாரம் முழுக்க ஐந்துக்குக் கீழே வந்தால் அடுத்த கட்ட ஒலிக்குப் போகலாம்.

பொறுமை வேண்டும். ஆங்கிலத் தேர்வுகள் நடத்தும் கேம்பிரிட்ஜ் தரும் வழிகாட்டு அளவின்படி பி1-க்கு 350–400 மணி, அடுத்த படியான பி2-க்கு 500–600 மணி வகுப்புப் படிப்பு. இரண்டிலும் கீழ் அளவை எடுத்தால் இடைவெளி 150 மணி. நாளுக்கு அரை மணி என்றால் 300 நாள். 'முப்பதே நாளில்' என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: பலர் கேட்டவை

வேகத்தைக் குறைக்கலாமா? 0.75 வரை போகலாம், அதற்குக் கீழே வேண்டாம். விழுங்கப்பட்ட ஒலி மெதுவாக ஓட்டினாலும் விழுங்கப்பட்டதுதான். கடைசியாகக் கேட்பது எப்போதும் இயல்பு வேகத்தில் இருக்கட்டும்.

படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் போதாதா? கண் முந்திக்கொள்ளும். படித்ததைக் காது கேட்டதாக நம்பிவிடும். ரசிப்பதற்குப் பாருங்கள்; பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போனின் குரல் தட்டச்சு என் பேச்சைச் சரியாக எழுதுகிறதே, அப்படியானால் உச்சரிப்பு சரிதானே என்று கேட்டவர்களுக்கு: அது சூழலை வைத்து ஊகித்து எழுதுகிறது, உங்கள் பிழையை மூடிவிடும். படி 5-இல் சொன்ன விநாடிக் கணக்கே நேர்மையானது.

ஒரு வாக்கியம்கூட எழுத முடியவில்லை என்றவர்கள் நிறைய. அவர்கள் அறைத்தோழரோடு சேர்ந்து செய்யுங்கள். ஆளுக்கொரு நிமிடத்தின் எழுத்தை எடுத்து, ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் மறைத்து, தாளை மாற்றிக்கொள்ளுங்கள். 150 சொல்லில் 30 இடம் மட்டும் நிரப்பினால் போதும். இருபத்தைந்து சரியாக வரத் தொடங்கியதும், ஒவ்வொரு மூன்றாவது சொல்லும். அதன் பிறகு வெற்றுத்தாள்.