கொழும்பில் பின்னி ரொறொன்ரோவுக்கு அனுப்புகிறவர்களுக்கு

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு நாலைந்து பேர் பின்னல் பழக வருகிறார்கள். கண்ணி நழுவுவது, நூல் சிக்குவது எல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும். அதற்கு நான் வாயே திறப்பதில்லை. ஆனால் போன வாரம் ஒரு தங்கச்சி நேரே சுவெற்றருக்குக் கண்ணி போடத் தொடங்கினார்.

"மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு அக்கா, நூல்தானே வீண்."

சுருக்கென்றது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். கை பழகினாலும் தானாகச் சரியாகாத பிழைகள் இவை.

மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவது

இந்த வெக்கையில் சுவெற்றர் போடுகிறவர் யார்? நாங்கள் பின்னுவதெல்லாம் கனடாவுக்கும் லண்டனுக்கும், மிஞ்சிப்போனால் நுவரெலியாவுக்கும்தான். போட்டுப் பார்க்க ஆள் பக்கத்தில் இல்லை. அளவை நம்பித்தான் பின்ன வேண்டும்.

ரொறொன்ரோவில் இருக்கும் பெறாமகளுக்கு நான் பின்னியதில், 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி என்று குறிப்பில் இருந்தது. சுற்றளவு 100, ஆக 220 கண்ணி. என் கையோ தளர்ந்த கை, 20தான் வந்திருக்கிறது. இரண்டு கண்ணிதானே என்பீர்கள். சுற்றளவு 110 ஆகிவிட்டது! மூன்று மாத வேலை, தபால் செலவு வேறு. படம் அனுப்பினாள்: தோள் சரிந்து, விரல்கூட வெளியே தெரியவில்லை. "வடிவாயிருக்கு சித்தி" என்றாள். பிறகு எந்தப் படத்திலும் அந்தச் சுவெற்றரைக் காணவில்லை.

15 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். சுவெற்றரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, விரித்துக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் பொறுங்கள். ஓரத்தை விட்டு நடுவில் 10 சென்ரிமீற்றரை அளந்து, அரைக் கண்ணியையும் விடாமல் எண்ணுங்கள். கண்ணி குறைந்தால் சிறிய ஊசி, கூடினால் பெரிய ஊசி. நூலை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மறுநாளே கை பழையபடி தளர்ந்துவிடும்.

ஒரே நிறம்தானே என்று நம்புவது

புறக்கோட்டையில் வாங்கும்போதே லேபிளில் சாயத் தொகுதி இலக்கத்தை, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குக் கொடுக்கும் இலக்கத்தைப் பாருங்கள். எல்லா உருண்டையிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். வேறு இலக்கம் கடைக்குள் ஒன்றுபோலத் தெரியும், காலி வீதி வெயிலில் குட்டு உடைந்துவிடும்.

கண்ணி திருகுவது

ஊசியில் தொங்கும் கண்ணிக்கு இரண்டு கால்; அதில் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால், பர்ல் (மறுபக்கக் கண்ணி) வரிசையில் நூலை மறுபக்கமாகச் சுற்றுகிறீர்கள்.

வரிசையின் நடுவில் எழும்புவது

கேற்றில் யார் கூப்பிட்டாலும் வரிசையை முடித்துவிட்டுப் போங்கள்.